சீசாக்களுக்குச் சட்டை போட்ட பாய்

மதுரையில் இதுவரை பிறந்த பயந்தாங்கொள்ளிகள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து, எட்டநில்லு பாயை மட்டும் மறு தட்டில் வைத்தால், பாயின் தட்டுதான் தரையைத் தொடும். தொட்ட மறுநிமிஷம் பாய் அதிலிருந்து குதித்திறங்கி, சங்கிலி அறுந்து தராசு யார் தலையிலாவது விழப்போகிறது என்று கூட்டத்தை விரட்டிக்கொண்டிருப்பார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. யுத்த காலத்தில் ஒரு பஸ் கம்பெனியின் ஷெட்டில் ஸ்டோர் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்தேன். ஷெட் அவனியாபுரம் போகிற சாலையில் இருந்தது. நீளமான கொட்டகை. பின்கோடியில் தனியாகத் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதன் வாசலில், முகத்தைச் சுற்றி ஈரத் துண்டு கட்டிய ஓர் உருவம் நின்றது. கண் மட்டும் தெரிந்தது. நான் அந்த அறையை நோக்கி நடந்தேன்.

"எட்ட நில்லு!"

நின்றேன். "நான் புது ஸ்டோர் கிளார்க். உள்ள என்ன சரக்கு இருக்குன்னு பாக்கணும்."

"அதுக்கென்ன? கிளார்க்குன்னா தோலு இல்லாமயா பொறந்திருக்கீக? எட்ட நின்னே பாருங்க."

எட்ட நின்று பார்த்தால் கதவுதான் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

"நல்ல கதவு. இன்னைக்கு அம்புட்டுப் பாத்தாப் போதும்" என்றார்.

அந்த அறைக்குள் இருந்தவை வண்டி கழுவுகிற மருந்துகள். இந்தக் காலத்து வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். உசிலம்பட்டிக்கு வெள்ளை வேட்டியோடு ஏறிய பயணி இறங்கும்போது கொல்லன் பட்டறையிலிருந்து வருகிறவர் போல இருப்பார். பயணி வீட்டில் போய்க் குளித்துக்கொள்வார். பஸ் எங்களிடம் வரும். பிசினும் கரியும் சேர்ந்து அப்பிய அந்த அழுக்கு சோப்புக்கு மசியாது. காஸ்டிக் சோடா வேண்டும். ரேடியேட்டரில் படிந்த உப்பை எடுக்கத் திராவகம் வேண்டும். மசகுக்குச் சீமெண்ணெய். இவற்றோடு பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். ஊர்ப் பெரிய மனிதர்களின் கார்களும் எங்களிடம் குளிக்க வரும் என்பதால் எல்லாம் தாராளமாகவே இருப்பில் இருந்தன. யுத்தத்தில் சீசாவுக்கும் பஞ்சம். ஆகையால் எல்லாம் ஒரே மாதிரியான பழைய பழுப்புச் சீசாக்களில் இருந்தன.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்தவன். விதிமுறைகளை விரும்புகிறவன். எந்த விதிமுறையும் எந்த மனிதனையும் திருத்தியதாக எனக்குத் தெரியாது. ஆனாலும் விரும்புகிறேன். முதல் வாரமே ஒவ்வொரு சீசாவிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் அழகாகப் பெயர் எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் கரப்பான்பூச்சிகள் பசைக்காக அத்தனை பெயர்களையும் தின்று முடித்தன. எனக்குத் தெரிந்து என் எழுத்தை முழுமையாக உட்கொண்ட வாசகர்கள் அவைதாம்.

பாய்க்குப் பெயர்ச்சீட்டில் நம்பிக்கை கிடையாது. சீசாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார். கூப்பிட்டால் வந்துவிடும் என்று பயம். திராவகம் அவருக்குப் 'பெரியவர்'. சீமெண்ணெய் 'குடிகாரன்', எப்போது எரியும் என்று சொல்ல முடியாது. காஸ்டிக் சோடாவைக் கரைத்த தண்ணீர் 'ஊமையன்'.

"பெரியவரு யோக்கியரு சார். மேல பட்ட ஒடனே சுருக்குன்னு சொல்லிருவாரு. இந்த ஊமையன் இருக்கானே, தொட்டா வழுவழுன்னு சோப்பு மாதிரி இருப்பான். ஒண்ணுஞ் செய்யலன்னு நாம சிரிச்சுக்கிட்டு இருப்போம். அவன் சத்தமில்லாம உள்ள போயிக்கிட்டே இருப்பான்."

இதை அவர் சொன்ன விதத்தில், நான் அன்று முழுவதும் என் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரசாயனப் புத்தகம் இதே விஷயத்தை அரைப் பக்கத்தில் சொல்கிறது. அதைப் படித்து நான் ஒரு நாளும் விரலைத் தேய்த்துப் பார்த்ததில்லை.

பெயர்ச்சீட்டுக்குப் பதிலாக பாய் சீசாக்களுக்குச் சட்டை போட்டிருந்தார். அவர் வீட்டு அம்மா துணிக்கடை வெட்டுத் துண்டுகளில் தைத்துக் கொடுத்தது. கழுத்தில் நாடா வைத்து, சீசாவின் மேல் தலைவழியாக மாட்டிச் சுருக்குப் போட்டுக் கட்டுவது. பெரியவருக்குச் சிவப்பு, ஊமையனுக்குப் பச்சை, குடிகாரனுக்கு நீலம், பாட்டரித் தண்ணீருக்கு வெள்ளை. அறைக்குள் வரிசையாக நிற்கும்போது ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பாய் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். திறந்ததும் விலகி நின்று, உள்ளே அடைந்திருந்த மூச்சு வெளியே போகட்டும் என்று காத்திருப்பார். அப்புறம் உதட்டுக்குள் ஓதிக்கொண்டே நுழைவார். அறைக்குக் காற்றுப் போக வேண்டும் என்பது என் புத்தகத்திலும் உண்டு. கதவைத் தட்ட வேண்டும் என்பது இல்லை.

ஊமையனைக் கரைக்கும் நாள் ஷெட்டுக்கு அமாவாசை மாதிரி. பாய் சாக்கை முன்னால் கட்டிக்கொள்வார். கார் ஓட்டுகிறவர்களின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொள்வார். டயர் டியூபை வெட்டிக் காலில் சுற்றிக்கொள்வார். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கொட்டாங்கச்சி அகப்பை. தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு, தூர நின்று, முதலைக்கு இரை போடுவது போல ஒவ்வொரு சில்லாகக் காஸ்டிக் சோடாவை உள்ளே இடுவார். இட்டதும் ஓடுவார். தண்ணீர் அடுப்பில்லாமல் சூடேறிப் புகையும். புகை அடங்கியதும் பம்மிக்கொண்டு வந்து அடுத்த சில்லு. யாராவது பொறுமையிழந்து, "இதுல தண்ணிய ஊத்திட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருமே பாய்" என்று சொல்லிவிட்டால் போச்சு.

"தண்ணியில அவனப் போடணும். அவன் மேல தண்ணியப் போட்டா மூஞ்சியில துப்பிருவான். ஒங்க அத்தா அம்மாவுக்கு நான் பதில் சொல்லவா?"

ஒரு சித்திரைத் திருவிழாவின்போது வாந்திபேதி பரவியது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பஸ்களுக்குள் பிளீச்சிங் பவுடர் தூவச் சொன்னார். பாய் அதற்குச் 'சர்க்கார்' என்று பெயர் வைத்து, அறைக்குள் விடவே மறுத்துவிட்டார். "பெரியவரும் சர்க்காரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கப்படாது. ரெண்டு பேரும் சேந்தா நாம காலி" என்று அதைக் கொட்டகையின் மறு கோடிக்கு அனுப்பினார். ஒரு நாள் ஒரு பிட்டர் ரேடியேட்டர் கழுவிய திராவகத்தை, பவுடர் சிந்திக் கிடந்த தரையில் கவிழ்த்தான். மஞ்சளும் பச்சையுமாகக் கிளம்பிய புகையில் தொண்டை அடைத்துப் பஸ் கம்பெனியே சாலைக்கு ஓடியது. ஜப்பான்காரன் விஷப்புகை போட்டுவிட்டான் என்று சாலையும் எங்களோடு சேர்ந்து ஓடியது. பாய் கைக்கு அகப்பட்ட இரண்டு பேரைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெப்பக்குளம் வரை ஓடினார். அவர்களில் ஒருவன் எங்கள் ஷெட்டைச் சேர்ந்தவனே அல்ல. நுங்கு விற்க வந்தவன்.

பாயின் பரம வைரி கலர் பாட்டில். வெயிலில் வருகிற டிரைவர்கள் கலர் சோடா வாங்கிக் குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை அறைப் பக்கம் வைத்தால் பாய் அலறுவார். டிரைவர் கருப்பையா ஒரு தடவை அப்படி ஒரு பாட்டிலோடு வந்து நின்றான். கருப்பையா எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். வண்டியை மாடு என்றும், மாட்டைத் தெய்வம் என்றும் நினைப்பவன். ஸ்டியரிங்குக்கு விபூதி பூசாமல் கிளம்ப மாட்டான்.

"பாய், வீட்டு அடுப்புக்குக் கொஞ்சோண்டு சீமெண்ணெ ஊத்துங்க."

"இதுலயா? மாட்டேன்."

"சீமெண்ணெதான பாய். என்னமோ பாம்பக் கேட்ட மாதிரி பதறுறீக."

"இன்னைக்கு இதுல சீமெண்ணெ. நாளைக்கு ஒம் மக கலருன்னு எடுத்துக் குடிப்பா. தகர டின்னு கொண்டாடா மாப்ள. அதுலயும் நான் ஊத்த மாட்டேன். எட்ட நின்னு நீயே ஊத்திக்க."

கருப்பையா போனபிறகு எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. "ஏன் பாய், இம்புட்டுப் பயந்துக்கிட்டு இந்த வேலைய எதுக்குப் பாக்குறீங்க? ஜவுளிக்கடைக்குப் போனா என்ன?"

பாய் முகத்துத் துண்டை அவிழ்த்தார். அது அபூர்வம்.

"கொழும்புல ஒரு கார் ஷெட்டுல நானும் ஒரு சிநேகிதனும் வண்டி கழுவிக்கிட்டு இருந்தோம். ஊமையன் ஒரு சொட்டு அவன் கண்ணுல தெறிச்சிருச்சு. ஒரே ஒரு சொட்டு. தேய்க்காதடான்னு கத்துறேன், தேய்க்கிறான். தேய்ச்ச கை ரெண்டும் அதே வாளியில முக்குன கை." துண்டைப் பிழிந்து உதறினார். "கப்பல்ல அவனக் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து அவுக அம்மாகிட்ட விட்டேன். அது மொதல்ல என்னையத்தான் பாத்துச்சு. நீ நல்லாருக்கியாப்பான்னு கேட்டுச்சு. இவனப் பாக்க அதுக்குத் தைரியம் வரல."

"அதனாலதான்..."

"ஜவுளிக்கடைக்குப் போயிட்டா இங்க எவனாவது பயமில்லாதவன் வந்து உக்காருவான் சார். எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல. என் ஹயாத்து முடியிற வரைக்கும், மூச்சு நிக்கிற வரைக்கும், இந்த ஷெட்டுல ஒருத்தர் கண்ணும் போகப்படாது. அம்புட்டுத்தேன்."

துண்டைத் திரும்பவும் கட்டிக்கொண்டார். உடனே யாரையோ பார்த்து அலறினார்.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே எல்லா பஸ்களையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்தாகிவிட்டது. கழுவிய தரை சோப்பு நுரையோடு ஈரமாகக் கிடந்தது. முதலாளி குடும்பமும், டிரைவர், கண்டக்டர் வீட்டுப் பெண்டு பிள்ளைகளும் மத்தியானத்துக்கு மேல் வருவார்கள். பாய் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். பூஜைச் சாமான் சிலவற்றை வாங்கிவர முதலாளி என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். பூஜையை நடத்துகிற பொறுப்பு கருப்பையாவுடையது.

ஆயுத பூஜையன்று தொழில் செய்கிற சாமான் ஒன்று பாக்கியில்லாமல் கழுவிச் சுத்தம் பண்ணி, பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைக்க வேண்டும். திருப்புளி முதல் ஜாக்கி வரை வைத்தாகிவிட்டது. கருப்பையா யோசித்திருக்கிறான்: வண்டியைக் குளிப்பாட்டுகிற சாமான்கள் மட்டும் பூட்டிய அறைக்குள் அழுக்காகக் கிடப்பது நியாயமா? முதலாளியிடம் இன்னொரு சாவி இருந்தது. கேட்டு வாங்கித் திறந்துவிட்டான்.

நானும் பாயும் பின்வாசலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். பாய் வெள்ளை ஜிப்பாவில் அத்தர் மணக்க, முகத்தில் துண்டு இல்லாமல், மனிதராகத் தெரிந்தார். அறைக்குப் பக்கத்தில்தான் பூஜை மேடை. சாம்பிராணிப் புகை ஆளை மறைத்தது. அந்தப் புகைக்கு நடுவே, சாமி படத்தின் முன்னால், சீசாக்கள் சந்தனப் பொட்டும் குங்குமமுமாக வரிசையாக நின்றன. சட்டைகள் பளிச்சென்று இருந்தன.

பாய் விரல் நீட்டி வரிசையை எண்ணினார்.

"யாருடா மாப்ள சட்டையக் கழட்டுனது?"

"நாந்தேன் பாய்!" கருப்பையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரே அழுக்கு. தொட்டியில போட்டு நல்லா கும்மி, சூடா நின்ன வண்டி பானெட்டுல காயவச்சு மாட்டி விட்டேன். எப்புடி?"

"எதுக்கு எத மாட்டுன?"

"எல்லாம் சீசாதான பாய். நம்ம பிள்ளைகளுக்குத் தீவாளிச் சட்டை போடுற மாதிரி, எது எதுக்குப் பொருந்துச்சோ அத அதுக்குப் போட்டேன். ஆனா ஒண்ணு, அந்தப் பச்சை இருக்கு பாருங்க, சுத்த மோசம். சாயம் போயி வெள்ளைச் சட்டையும் பச்சையாயிருச்சு."

எந்த விதிமுறையும் ஒரு வகை மடையனை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. பக்திமானை யாரும் மனத்தில் வைப்பதில்லை.

ஆனாலும் நான் கலங்கவில்லை. ஆயுத பூஜையில் வைத்த சாமானை மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொட மாட்டார்கள். தொடாத வரை ஆபத்தில்லை. நாளைக்கு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று பாயிடம் சொல்ல வாயெடுத்தேன். பாய் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பப் பச்சை ரெண்டு இருக்கணுமே. ஒண்ணுதான இருக்கு?"

"இன்னொண்ணு பன்னீரு பாய். முதலாளி வீட்டுல இருந்து இதே மாதிரிப் பழுப்புச் சீசாவுல அனுப்புனாக. குளிர்ச்சியா இருக்கட்டும்னு ஒங்க அறையில வச்சேன். எல்லாரும் சட்டை போட்டுருக்கயில அது மட்டும் அம்மணமா நிக்கலாமா? வெளக்குப் பக்கத்துல ஆகாதுன்னு சீமெண்ணெய மட்டும் உள்ளயே விட்டுட்டேன், அது சட்டை மிச்சமாச்சு; எல்லாத்தையும் மாத்தி மாட்டயில பன்னீருக்குப் பச்சை வந்துச்சு. இப்பத்தேன் அதப் பன்னீர்ச் செம்புல ஊத்தி சோணைகிட்டக் குடுத்துட்டு வாரேன்."

சோணை கண்டக்டர். முன்வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கிற வேலை அவனுக்கு. மற்றவர்கள் பன்னீரைத் தலைக்கு மேலே பட்டும் படாமலும் தெளிப்பார்கள். சோணை முகத்தைப் பார்த்து அடிப்பான். சில்லென்று இருந்தால்தான் மரியாதை என்பது அவன் கொள்கை.

"ரெண்டு பச்சையில எதக் குடுத்த?" என்று நான் கேட்டேன்.

"பன்னீரு இருந்த பச்சையத்தேன்."

"மோந்து பாத்தியா?"

"இந்தச் சாம்பிராணியில எதண்ணே மோக்குறது?"

நான் மேடையில் நின்ற பச்சைச் சட்டைக்குக் கை நீட்டினேன். கருப்பையா குறுக்கே விழுந்தான். "பூஜையில வச்சதத் தொடப்படாதுண்ணே! சாமி குத்தமாயிரும்!" பாய் அவனை ஒரே தள்ளாகத் தள்ளினார். நான் கார்க்கைத் திருகி எடுத்தேன். சீசாவின் வாயில் மூக்கை வைக்கக் கூடாது, கையால் விசிறி வாசனையை மூக்குப் பக்கம் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அந்த நேரத்திலும் விசிறினேன்.

ரோஜா மணந்தது.

பன்னீர் இங்கே இருக்கிறது. அப்படியானால் செம்பில் இருப்பது யார்?

குடிகாரன் இல்லை; அவனைச் சாம்பிராணியாலும் மறைக்க முடியாது. வெறும் பாட்டரித் தண்ணீராக இருக்கலாம். பெரியவராக இருக்கலாம். இந்தக் கணக்கை நான் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது, கருப்பையா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "ஊத்தயில கையில கொஞ்சம் பட்டுச்சு. நல்ல பன்னீருதேன். வழுவழுன்னு இருந்துச்சு" என்றான்.

பாய் வாயைத் திறந்தார். ஷெட்டை நடுங்கவைக்கும் அந்தக் குரல் வரவில்லை. வெறும் காற்று வந்தது. எதிரே, நீளக் கொட்டகையின் மறு கோடியில், நாதஸ்வரமும் மேளமும் முழங்கிக்கொண்டிருந்தன. முதலாளி பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்றார். அவரைச் சுற்றிப் பிள்ளைகள், பன்னீர் படும் சுகத்துக்காக முகத்தை நிமிர்த்திக் கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றன. எல்லாருக்கும் முன்னால், தாயின் இடுப்பில் கருப்பையாவின் மகள். சோணை செம்பைத் தூக்கினான்.

ஈரத் தரையில் ஓடக் கூடாது என்பது பாய் அந்த ஷெட்டில் ஒவ்வொருவருக்கும் தினந்தோறும் சொன்னது. பாய் ஓடினார். பாதி தூரம் ஓடியிருப்பார், சோப்பு நுரையில் கால் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். நிற்கவில்லை. வெள்ளை ஜிப்பாவோடு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தரையோடு தரையாக மேளக்காரர்களைப் பிளந்துகொண்டு சறுக்கிப் போனார். நான் பின்னால் ஓடினேன். எனக்கு முன்னால் கருப்பையா அலறிக்கொண்டு ஓடினான். அந்த நீளக் கொட்டகை அன்று போல நீண்டு நான் பார்த்ததில்லை.

பாய் சோணையின் முழங்காலில் போய் மோதினார். செம்பு கீழே இறங்கிய அதே நொடியில், அதன் ஓட்டைத் தலையை வலது உள்ளங்கையால் பொத்திப் பிடித்துவிட்டார். சோணை பழக்கத்தில் உதறினான். உள்ளிருந்தது பாயின் கைக்குள்ளேயே பீச்சியது. முழங்கை வழியாக ஜிப்பாவுக்குள் இறங்கியது. நாலைந்து துளி முதலாளியின் அங்கவஸ்திரத்தில் தெறித்தது. பிள்ளைகள் மேல் ஒன்றும் படவில்லை.

மேளம் நின்றது.

"பாய்! கிறுக்குப் பிடிச்சுப்போச்சா உமக்கு? நல்ல நாளும் அதுவுமா பன்னீர்ச் செம்ப எட்டிப் பிடிக்கிறீரு!" முதலாளி கத்தினார்.

பாய் செம்பை விடவில்லை. விட்டால் மிச்சம் சிந்தும் என்று பயம். நான் செம்பின் கழுத்தில் வழிந்ததை இரு விரலால் தொட்டுத் தேய்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

"தண்ணி!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தியதை அந்த ஷெட் அதற்குமுன் கேட்டதில்லை.

செம்பைப் பிடுங்கி எட்ட வைத்துவிட்டு, பாயின் ஜிப்பாவைக் கிழித்து எறிந்தேன். கருப்பையாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் கையையும் சேர்த்து, முன்வாசல் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினேன். அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் நெய் தடவச் சொன்னார். ஒருவர் பேனா இங்க் ஊற்றச் சொன்னார். படித்த ஒருவர், காரத்துக்கு மாற்றுப் புளிப்பு என்று, பஸ் சக்கரத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணும் வேண்டாம். தண்ணி. தண்ணி மட்டும். நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஊத்துங்க."

சோணை வாளி வாளியாக மொண்டு ஊற்றினான். கருப்பையா தொட்டிக்குள் கையை வைத்துக்கொண்டே ஓவென்று அழுதான்.

"பாய், எம் மக... எம் மக கண்ணு..."

பாய்க்குப் பல் தந்தியடித்தது. "அழுவாத மாப்ள. மூக்க ஒழுக விட்டு அந்தக் கையால தொடைச்சுறாத."

முதலாளி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். மானம் போயிற்று, அபசகுனம், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று வளர்ந்துகொண்டே போனவர், அங்கவஸ்திரத்தைச் சரி செய்யத் தோளில் கை வைத்தார். விரல் பட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. எடுத்துப் பார்த்தார். துளி தெறித்த இடமெல்லாம் பட்டு கூழாகி, தொட்டால் உதிர்ந்தது. அந்த ஓட்டை வழியாக அவருக்குத் தன் பேரப்பிள்ளைகள் நின்ற இடம் தெரிந்திருக்க வேண்டும். நடந்துபோய்த் தானும் ஒரு வாளியை எடுத்தார்.

பாயின் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் தோல் வெந்து வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வந்து நின்றது. ஈரத்துணி சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு பாய் எழுந்தார். ஆனால் ஏறவில்லை.

"மொதல்ல பிள்ளைகளக் கூப்புடுங்க சார்."

"ஒருத்தர் மேலயும் படல பாய். நான் பாத்தேன்."

"நீங்க பாத்தா பத்தாது. கூப்புடுங்க."

பிள்ளைகள் வரிசையாக வந்தன. பாய் இடது கையால் ஒவ்வொன்றின் மோவாயையும் நிமிர்த்தி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தக் கண், அந்தக் கண் என்று பார்த்தார். "எரியுதா? மேல பாரு. கீழ பாரு. இது எத்தன வெரலு?" பிள்ளைகளுக்கு இது பூஜையைவிட நல்ல விளையாட்டாக இருந்தது. பார்த்து முடிந்தவை திரும்பவும் போய் வரிசையில் நின்றன. கருப்பையாவின் மகள் வேண்டுமென்றே கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"தெறம்மா தாயி. வெளையாடாத. தெற" என்றார். அவள் திறந்து, "மூணு வெரலு" என்றாள். சரிதான். பாய் அப்படியே ஜட்காவின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார்.

பிறகு பெரியவர்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சோணை வந்தான், மேளக்காரர்கள் வந்தார்கள், ஓட்டை அங்கவஸ்திரத்தோடு முதலாளி வந்து குனிந்து நின்றார்.

நான் சம்பவத்தின்போது நன்றாகப் பின்தங்கி ஓடிவந்தவன். என் கண்ணில் துளி பட வழியே இல்லை. எந்த விதிப்படியும் எனக்குச் சோதனை தேவையில்லை. ஆனாலும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பாய் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மோவாயை நிமிர்த்தி, என் கண்கள் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். இந்த வயதுக்குள் எத்தனையோ டாக்டர்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டார்கள். அவ்வளவு பயத்தோடு அதை வேறு யாரும் பார்த்ததில்லை.